ரெண்டு பனியன் ரகசியம்!

ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்கள், பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்க்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பயப்பட வேண்டாம், ஆபாசம் எதுவும் இல்லை. விஷயம் மார்பைப் பற்றியது. அதுவும் ஆண்களின் மார்பைப் பற்றியது!

சினிமாவில் ஹீரோ சட்டையைக் கழற்றினால் தியேட்டரே விசிலடிக்கிறது. ஆனால் எதிர்வீட்டுப் பையன் கிணற்றடியில்கூடக் கழற்ற மாட்டான். ஏன்? அவனைக் கேட்டால் "கூச்சம் சார்" என்பான். கூச்சத்துக்கு உள்ளே வேறொரு காரணம் இருக்கும். அவன் சொல்ல மாட்டான். நான் சொல்கிறேன்.

எங்கள் ஆவடி, பீரங்கி வண்டி செய்கிற ஊர். விஜயந்தா, அர்ஜுன் எல்லாம் எங்கள் தொழிற்சாலையில் செய்தவைதான். சி.ஆர்.பி.எஃப். முகாம், சிறப்புக் காவல் படை என்று திரும்பிய பக்கமெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற ஆசாமிகள். வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மே மாதத்தில் ஒரு பனியனே பாரம். அந்த ஊரில் ஒருத்தன் பத்து வருஷமாக சட்டைக்குள் ரெண்டு பனியன் போட்டுக்கொண்டு, லோக்கல் ரயிலில் ஆபீஸ் பையை நெஞ்சோடு அணைத்தபடி போய்வந்தான். பிக்பாக்கெட் பயம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

லவ்வா, வேற ஏதாவதா?

அவன் என் சித்தி பையன். வயது 29. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறான். எந்தப் பெண்ணின் ஜாதகம் வந்தாலும் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தான். சித்தி என்னைக் கூப்பிட்டாள். "நீ பத்திரிகைல எழுதறவன். பசங்க மனசு உனக்குத் தெரியும். லவ்வா, வேற ஏதாவதான்னு கேட்டுச் சொல்லுடா" என்று பொறுப்பை ஒப்படைத்தாள். பி.காம். படித்துவிட்டு எழுதிப் பிழைக்கிறவனுக்கு சொந்தத்தில் இப்படித்தான் உத்தியோகம் கொடுப்பார்கள்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடந்தபடி கேட்டேன்.

"கல்யாணத்துல நலங்கு வைப்பாங்க இல்லண்ணா?"

"வைப்பாங்க."

"சட்டையைக் கழட்டணும் இல்ல?"

"சட்டை மேலயாடா சந்தனம் பூசுவாங்க?"

"அதான் வேணாங்கறேன்."

அப்புறம் மெதுவாகச் சொன்னான். பதிமூன்று வயதில் மார்க்காம்புக்குப் பின்னால் ஒரு கட்டி போல ஆரம்பித்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். இருபத்து நாலு வயதில் போலீஸ் எழுத்துத் தேர்வில் பாஸாகியிருக்கிறான். அடுத்தது உடல் தகுதி. 81 சென்டிமீட்டர் மார்பு, மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். அளவு அவனுக்குத் தாராளமாக இருந்தது. ஆனால் நூறு பேர் முன்னால் சட்டையைக் கழற்றி நிற்க வேண்டும் என்பதற்காகவே போகவில்லை. வீட்டில் "செலக்ஷன் ஆகலை" என்று சொல்லிவிட்டான்.

ஒரு உத்தியோகம் போச்சு. நாலைந்து ஜாதகம் போச்சு. எல்லாம் ஒரு எலுமிச்சம்பழ அளவு சதைக்காக!

பெயர் பெரிது, விஷயம் சின்னது

இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் கைனகோமாஸ்டியா. கிரேக்க வார்த்தை. "பெண் மார்பு" என்று அர்த்தம். பெயரைக் கேட்டாலே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். உண்மையில் ஆண் உடம்பிலும் காம்புக்குப் பின்னால் கொஞ்சம் சுரப்பித் திசு பிறவியிலேயே உண்டு. ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன் இரண்டும் ஆணுக்குள்ளும் ஓடுகின்றன. அந்தத் தராசு கொஞ்சம் சாய்ந்தால் அந்தத் திசு வளர்கிறது. அவ்வளவுதான். இதனால் ஆண்மைக் குறைவு என்று யாராவது சொன்னால் அவர் சுவரில் விளம்பரம் எழுதுகிறவராக இருப்பார்.

பிறந்த குழந்தைக்கு வரும். சில வாரங்களில் போய்விடும். பருவ வயதில் ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு வரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் தானாக அமுங்கிவிடும். வயதான பிறகு மறுபடி வரும். நடுவில் சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிவிடுகிறது. ஒரு வருஷத்துக்கு மேல் தங்கினால் திசு நார் மாதிரி கெட்டிப்படும். பிறகு மாத்திரைக்கு அசையாது.

இன்னொரு வகையும் உண்டு. அதில் சுரப்பி கிடையாது, வெறும் கொழுப்பு. பஜ்ஜி, பரோட்டா, நாற்காலி உத்தியோகம் மூன்றும் சேர்ந்து கொடுக்கிற பரிசு. இதற்குக் கத்தி வேண்டாம். முதலில் எடையைக் குறைக்க வேண்டும். இரண்டும் கலந்தும் இருக்கும். எது எவ்வளவு என்பதை டாக்டர் விரலால் தொட்டுப் பார்த்தும், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்தும் சொல்லிவிடுவார்.

கத்திக்கு முன்னால் காரணம்

நானும் அவனும் நகரத்துக்குள் ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி.யில் நல்ல கூட்டம். (பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் உடம்பில் பிளாஸ்டிக் வைப்பது இல்லை. கிரேக்கத்தில் "வார்த்து உருவாக்குவது" என்று பொருள். சித்திக்கு இதை மூன்று தடவை விளக்க வேண்டியிருந்தது.)

டாக்டரம்மா மார்பைப் பார்ப்பதற்கு முன் கேள்விகளாகக் கேட்டார். "தம்பி, குடிப்பீங்களா? முடி கொட்டறதுக்கு மாத்திரை சாப்பிடறீங்களா? ஜிம்முல யாராவது ஊசி போட்டாங்களா? அல்சர், பி.பி.க்கு மருந்து எடுக்கறீங்களா?"

காரணம் இருக்கிறது. முடி உதிர்வதற்குத் தரும் ஃபினாஸ்டிரைடு, பி.பி.க்கும் இதயத்துக்கும் தரும் ஸ்பைரனோலாக்டோன், வயிற்றுப் புண்ணுக்குத் தரும் சிமெட்டிடின், சில மனநல மருந்துகள்... இவற்றால் சிலருக்கு மார்பு வளரும். சீக்கிரம் உடம்பு ஏற வேண்டும் என்று ஜிம்மில் போட்டுக்கொள்கிற ஸ்டீராய்டு ஊசியாலும் வரும். நெஞ்சை அகலமாக்கப் போய் வேறு மாதிரி ஆகிவிடும்! குடியால் கெட்ட கல்லீரல், தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, அபூர்வமாக விரையில் கட்டி என்று இன்னும் காரணங்கள் உண்டு. ஆகவே ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். விரையையும் சோதிப்பார்கள். வெட்கப்படாதீர்கள், அவர்கள் தினம் பார்க்கிறது.

டாக்டரிடம் போய்க் காட்டுவதை ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாதது ஒன்று உண்டு. ஒரு பக்கம் மட்டும், கல் மாதிரி கட்டி, காம்பில் ரத்தக் கசிவு, தோல் உள்ளே இழுத்தாற்போல் இருப்பது... இதில் எது இருந்தாலும் உடனே போங்கள். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஒன்று ஆண்களுக்கு வருகிறது.

சித்தி பையனுக்கு எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். பதிமூன்றில் வந்தது போகவில்லை, அவ்வளவுதான். "அப்ப தண்டால் எடுத்தா போயிடுமா டாக்டர்?" என்று கேட்டான். "தண்டால் எடுத்தா அடியில இருக்கிற தசை வளரும். மேல இருக்கிற சுரப்பி கரையாது" என்றார். கிரீம், எண்ணெய், பவுடர், அமுக்குகிற பெல்ட் என்று ஆறு வருஷமாக அவன் வாங்கியதெல்லாம் ஒரே வாக்கியத்தில் வாராக்கடன் ஆகிவிட்டது.

மேஜை மேல் என்ன நடக்கிறது?

இது புது வைத்தியம் இல்லை. ஏழாம் நூற்றாண்டிலேயே ஏஜினா தீவைச் சேர்ந்த பால் என்ற கிரேக்க வைத்தியர், மார்புக்குக் கீழே பிறை வடிவில் கீறி உள்ளிருக்கும் சதையை எடுத்துத் தைக்கிற முறையை எழுதி வைத்திருக்கிறார். மயக்க மருந்து இல்லாத காலம். நினைத்தாலே நமக்கு மயக்கம் வருகிறது.

இப்போது நடப்பது இதுதான். காலையில் வெறும் வயிறு. டாக்டர் நிற்க வைத்து மார்க்கர் பேனாவால் வட்டம், கோடு எல்லாம் போடுவார். "திருநின்றவூர் பக்கம் பிளாட் போட்ட மாதிரி இருக்குண்ணா" என்றான் இவன். அப்புறம் பெரும்பாலும் முழு மயக்கம். சின்ன ஓட்டை வழியாகக் குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். இதுதான் லைப்போசக்ஷன். பிறகு காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் அரை வட்டமாகக் கீறி, சுரப்பியை வெட்டி எடுப்பார்கள். முழுவதும் எடுத்தால் காம்பு கிண்ணம் மாதிரி உள்ளே குழிந்துவிடும். அதனால் அடியில் ஒரு வில்லை மட்டும் விட்டுவிடுவார்கள். எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மொத்தம் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம்.

மார்பு ரொம்பப் பெரிதாக இருந்தாலும், முப்பது நாற்பது கிலோ இளைத்துத் தோல் தொங்கினாலும் இது போதாது. உபரித் தோலைக் கத்தரித்து, காம்பை மேலே ஏற்றித் தைக்க வேண்டும். பெண்களுக்குச் செய்கிற "பிரெஸ்ட் லிஃப்ட்"டும் இதே வேலைதான். தழும்பும் அதற்கேற்ப நீளம்.

அப்புறம்?

முதல் நாள்: நெஞ்சைச் சுற்றி இறுக்கக் கட்டு. சில பேருக்கு ரத்தநீர் வடிய ஒரு குழாய். ஒன்றிரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள். வலி மாத்திரையில் அடங்கும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

முதல் வாரம்: மல்லாந்து, தலையை உயர்த்தி வைத்துத் தூக்கம். கையை மேலே தூக்க முடியாது. "அண்ணா, முன்னைவிடப் பெருசா இருக்கே! எடுத்தாங்களா, வெச்சாங்களா?" என்று நாலாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு போன் செய்தான். அது வீக்கம். நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போவதும் சகஜம். எட்டாம் நாள் ஆபீஸ் போனான். நாற்காலி உத்தியோகத்துக்குப் பொதுவாக ஒரு வாரம் லீவு போதும். மூட்டை தூக்குகிறவருக்குப் போதாது.

ஆறு வாரம் வரை: இறுக்கமான பிரஷர் பனியனை ராப்பகலாகப் போட வேண்டும். ஆவடி வெயிலில் அது தனி தண்டனை. ரெண்டு பனியன் போட்டே பழகியதால் இவன் மட்டும் சமாளித்துவிட்டான். ஜிம், கிரிக்கெட், கனமான பை எதுவும் கூடாது. சிகரெட்டை ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பிருந்தே நிறுத்தச் சொல்வார்கள். புகை பிடிக்கிறவருக்குப் புண் ஆறுவது தாமதம்.

மூன்றிலிருந்து ஆறு மாதம்: வீக்கம் முழுக்க வடிந்து உண்மையான வடிவம் தெரிவது இப்போதுதான். காம்பில் மரத்துப் போன உணர்வு சில மாதம் இருக்கலாம், சிலருக்கு நிரந்தரமாகவும். நீர் கோத்தல், சீழ், தடித்த தழும்பு, இரண்டு பக்கமும் கொஞ்சம் வித்தியாசம், இதெல்லாம் வரக்கூடியவை. சித்தி பையனுக்கு இடது பக்கம் ஒரு சின்னப் பள்ளம் தங்கிவிட்டது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். சினிமா ஹீரோ மாதிரி ஆகிவிடவில்லை. சராசரி ஆள் மாதிரி ஆகியிருக்கிறான். அவன் கேட்டதும் அதைத்தான்.

பி.காம். மூளைக்கு எட்டிய கணக்கு

தனியார் ஆஸ்பத்திரியில் சொல்கிற தொகையில் மயக்க மருந்து, பிரஷர் பனியன், திசுப் பரிசோதனை, பிறகு வருகிற செக்கப் எல்லாம் சேர்த்தியா என்று எழுத்தில் கேளுங்கள். மெடிக்ளெய்மை நம்பி நாள் குறிக்காதீர்கள். அழகுக்கான சிகிச்சை என்று கருதினால் கம்பெனி பணம் தராது. மருத்துவ அவசியம் என்று டாக்டர் சான்று இருந்தால் பேசிப் பார்க்கலாம். முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது. மருத்துவ சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு என்றாலும் வெறும் அழகுக்கான அறுவை சிகிச்சைக்கு அந்த விலக்கு இல்லை. பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, விபத்துக் காயத்தைச் சரிசெய்வதற்கு உண்டு. பில்லில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

டாக்டர் பெயருக்குப் பின்னால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. இருக்கிறதா என்றும் பாருங்கள். "அழகு நிபுணர்" என்பது டிகிரி இல்லை.

ஸ்டான்லியில் நடந்த சண்டை

ஆவடியில் பீச் ரயில் ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்கினால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி ரொம்ப தூரமில்லை. 2018 பிப்ரவரியில் அங்கே மார்பு அழகு அறுவை சிகிச்சைக்கு இலவச கிளினிக் ஆரம்பித்தார்கள். புற்றுநோயால் மார்பை இழந்த பெண்களுக்கு அதற்கு முன்பே அங்கே மறுசீரமைப்பு செய்து வந்தார்கள். இது அதற்கு அடுத்த படி. வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை செய்தி போயிற்று. உயிர் காக்கிற சிகிச்சைக்கே காசு போதாதபோது அழகுக்கு அரசுப் பணமா என்று ஒரு கட்சி. ஏழைக்கு மட்டும் ஏன் கிடைக்கக்கூடாது, இங்கே கிடைக்காவிட்டால் கடன் வாங்கி ஆபத்தான இடத்துக்குப் போவார்கள் என்பது அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கரின் வாதம்.

அழகா, அவசியமா என்று வாசலில் நின்று கோடு போடுவது சுலபம். பெரிய மார்பின் கனத்தால் கழுத்தும் முதுகும் வலித்து, பிரா பட்டை தோளில் பள்ளம் பறித்த பெண்ணுக்கு அது அழகு சமாசாரமா? போலீஸ் வேலையைக் கைவிட்ட பையனுக்கு? ராணுவம், துணை ராணுவத் தேர்வுகளில் கைனகோமாஸ்டியா இருந்தால் மெடிக்கலில் நிறுத்திவிடுவதும் உண்டு. அங்கே அது வேலை சமாசாரம்.

கல்யாணமான வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பெண்களுக்கான லிஃப்ட் சிகிச்சை தொங்கிய மார்பை ஏற்றித் தருமே தவிரப் பெரிதாக்காது. தழும்பு நிச்சயம்: கருவட்டத்தைச் சுற்றி, அங்கிருந்து கீழாக, சில சமயம் மார்பின் அடியிலும். குழந்தை பெற்று முடித்த பிறகு செய்துகொள்வது நல்லது என்பார்கள். கர்ப்பம் மறுபடி வடிவத்தை மாற்றும், தாய்ப்பால் தருவதும் பாதிக்கப்படலாம். வயதும் புவியீர்ப்பும் வேலையை நிறுத்தப் போவதில்லை என்பதால் வருஷங்கள் போகப் போகக் கொஞ்சம் இறங்கவும் செய்யும். இதைச் செய்துகொள்ளலாமா என்று கேட்க வேண்டியவர் அந்தப் பெண். "உனக்கு செய்யலாமே" என்று ஆரம்பிக்கிற கணவர், முதலில் தன் தொப்பையைக் குனிந்து பார்க்கட்டும்!

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில், ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி எல்லாவற்றிலும், பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. எந்த நாள் ஓ.பி. என்று நேரில் விசாரித்துப் போங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும். சித்தி பையன் தேதிக்காக நாலு மாதம் காத்திருந்தான்.

பதிமூன்று வயதுக்காரனுக்கு

போலீஸ் வேலைக்கு அவனுக்கு வயது தாண்டிவிட்டது. அதை எந்த டாக்டராலும் தைத்துக் கொடுக்க முடியாது. இந்த வருஷம் ஒரு ஜாதகத்துக்குத் தலையாட்டியிருக்கிறான். சித்தி நலங்குக்கு மஞ்சள் இடிக்க ஆள் தேடுகிறாள்.

ஆபரேஷன் எல்லோருக்கும் வேண்டியதில்லை. தன் மார்பைப் பற்றிக் கவலைப்படாமல் பனியனோடு பால் வாங்கப் போகிறவரை யாரும் பிடித்து மேஜையில் படுக்க வைக்கப் போவதில்லை. அவருக்கு எதுவும் செய்ய வேண்டாம். கவலைப்படுகிறவருக்கு வழி இருக்கிறது.

அதைவிட முக்கியம், உங்கள் வீட்டில் பதிமூன்று, பதினான்கு வயதில் தம்பியோ அண்ணன் மகனோ இருந்தால், குளிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு, திடீரென்று லூஸ் சட்டை கேட்டால், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: "இது நிறையப் பேருக்கு வரும்டா. முக்கால்வாசி தானாப் போயிடும். ரெண்டு வருஷத்துல போகலேன்னா டாக்டர்ட்ட போலாம். நான் கூட வர்றேன்."

இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். என் சித்தி பையனிடம் இதைச் சொல்ல ஆள் வருவதற்குப் பதினாறு வருஷம் ஆயிற்று.